பதினாலாவது நிமிடத்துச் சங்கு

"அப்பா, சங்கு இல்ல."

மீனு ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றிவிட்டு இதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே, நாங்கள் குடியிருக்கும் கல்கத்தா லேக் கார்டன்ஸ் முழுக்க மழைத் தண்ணீர். சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் மூன்று இட்லி, அவளுக்கு முன்னால் அவள் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாட்டிக் கொடுத்த பாவ் ரொட்டி.

"சரியாக் கேளு. பதினாலாவது நிமிஷம்."

"பதிமூணுலேருந்து பதினாறு வரைக்கும் மூணு தடவை கேட்டுட்டேன். ஆர்கன் இருக்கு. அப்புறம் டிரம்ஸ் வருது. மாஜ்கானே கிச்சு நேய்."

என் மகளுக்குப் பொறுமை போனால் தமிழும் கூடவே போய்விடும். நடுவில் ஒன்றுமே இல்லை என்கிறாள்.

எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து இயர்போனை வாங்கி என் காதில் சொருகிக்கொண்டேன். பதினாலாவது நிமிடம் வந்தது. டிரம்ஸ் ஓய்ந்தது. கிதார் ஓய்ந்தது. ஆர்கனில் யாரோ ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கு வரவேண்டிய இடம் வந்தது, போயிற்று. சங்கு வரவில்லை. பிறகு டிரம்ஸ் வந்துவிட்டது.

"இது வேற பதிப்பு," என்றேன்.

"எல்லாப் பதிப்பும் பாத்தாச்சு அப்பா. பழசு, ரீமாஸ்டர், மேடைல வாசிச்சது, எல்லாம்."

இட்லி ஆறிப் போயிற்று. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததற்கு என் மனைவி கோமதி என்னைத் திட்டினாள்.

சேலத்துப் பல் மருத்துவர்

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். நான் நாற்பது வருடமாக ராக்கும் எலெக்ட்ரானிக்கும் கேட்டுவருகிற, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, கல்கத்தாத் தமிழன். கேட்ட ஆல்பங்கள் என்னை என்ன பாடு படுத்தின என்பதை வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குழுக்களின் பெயரையோ ஆல்பங்களின் பெயரையோ எழுதுவதில்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். பெயரை எழுதினால் போதும், மற்றதை விட்டுவிட்டு, பாடகர் பிறந்த ஊர் அதுவல்ல என்று திருத்தி அனுப்ப ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அதனால் எங்கள் வீட்டுப் பட்டப்பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

நான்கு வாரத்துக்கு முன்பு 'நாற்காலி' பற்றி நினைவிலிருந்தே எழுதினேன். அட்டையில் தண்ணீர் வற்றிய ஒரு நீச்சல் குளம், அதன் நடுவே ஒரு மர நாற்காலி. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு யார் மீதோ தீராத கோபம். பதினாலாவது நிமிடத்தில் அத்தனையும் அடங்கி, தூரத்தில் ஒரு சங்கு இரண்டு முறை முழங்கும். மூன்றாவது முறை தொடங்கிப் பாதியில் அறுந்துபோகும். அந்த அறுந்த மூச்சுக்கு இணையான துணிச்சலை நான் வேறெங்கும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

பெயரைச் சொல்லாவிட்டால் என்ன, அட்டையை வைத்து மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடிதங்கள் வர ஆரம்பித்தன. சேலத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார்: "ஐயா, நானும் என் மனைவியும் தனித்தனியே கேட்டோம். பிறகு என் கிளினிக்கில் ஓடவிட்டேன். நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளிகள் யாருக்கும் சங்கு கேட்கவில்லை. தாங்கள் எங்கே கேட்டீர்கள் என்று தெரிவித்தால் நலம்." அவருக்கு மயக்கமருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவைத்தேன்.

பிறகு பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன். இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிற பெண் மிகவும் மரியாதையானவர்.

"சார், நிறையப் பேர் எழுதுறாங்க. 'தவறுக்கு வருந்துகிறோம்'னு ஒரு வரி போட்டுரலாமா?"

"எந்தத் தவறுக்கு?"

"அந்த இல்லாத சங்குக்கு, சார்."

என் காது அறுபது வயதுக் காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாத சங்கை நாற்பது வருடம் கேட்கிற காது அல்ல. ஒரு வாரம் பொறுங்கள், ஆதாரத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒரு சங்கின் மேல் கட்டிய வீடு

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. என் ரசனை என்று ஒன்று இருந்தால் அதன் அஸ்திவாரமே அந்தச் சங்குதான்.

அதற்கு முன்னால் எனக்குச் சத்தம் பிடிக்கும், அவ்வளவுதான். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்ல குழு. அந்தச் சங்கைக் கேட்ட பிறகுதான், ஒரே ஒரு சுரம் சும்மா நீண்டு நின்றால் மனிதனுக்குள் என்னவோ ஆகிறது என்று தெரிந்தது. அதைத் தேடித்தான் எலெக்ட்ரானிக்கின் பக்கம் போனேன். 'தையல் மிஷின்' என்று நாங்கள் சொல்லும் ஆல்பம் கைக்கு வந்தது அப்படித்தான். மிதித்துத் தைக்கிற மிஷின் மாதிரி அடியில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே ஒரு ஒலி அசையாமல் நிற்கும். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் எரிச்சல். மூன்றாம் நாள் அந்த ஒலி நின்றதும் வீடே காலியாகிவிட்ட மாதிரி இருந்தது, எழுந்துபோய்த் திரும்பவும் போட்டேன்.

அப்புறம் 'லிஃப்ட்'. ஏறிக்கொண்டே இருக்கும், எந்த மாடியிலும் நிற்காது. கடைசிவரை கதவு திறக்காது. ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோய், ஒவ்வொரு முறையும் கேட்டேன். அப்புறம் அந்த நாலு பக்க இரட்டை ஆல்பம். ஒரு பக்கம்தான் தேறும், மற்ற மூன்றையும் அந்தக் குழுவின் உறவினர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது மீனு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒரு பெண்ணின் குரலைத் துண்டுதுண்டாக நறுக்கி, கண்ட இடத்தில் ஒட்டி, இசை என்கிறார்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா," என்று சொல்லிக்கொண்டே மெட்ரோவில் கேட்டேன். பவானிபூரில் ஒரு வேலையாக ஜதின் தாஸ் பார்க்கில் இறங்க வேண்டியவன் நாலு ஸ்டேஷன் தாண்டி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினேன். எனக்குப் பிடித்துவிட்டது என்பதை இன்னும் மீனுவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ளவா போகிறேன்.

ரீமாஸ்டர் என்கிற அநியாயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆல்பத்தை எடுத்துத் தேய்த்துக் கழுவி, இருந்த நிழலையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, பளபளவென்று கையில் கொடுக்கிறார்கள். போதாததற்குக் கடைசியில் ஐந்து கூடுதல் பாட்டு. பாயசம் குடித்து ஏப்பமும் விட்ட பிறகு இலையில் மறுபடி சாம்பாரை ஊற்றுகிற வேலை. சங்கையும் இப்படித்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருப்பார்கள் என்று கோமதியிடம் சொன்னேன்.

"துடைக்கட்டும். நீங்க அந்தப் பரணைத் துடைங்க," என்றாள்.

வீட்டுக்குள் சங்கு

கல்கத்தாவில் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுகிறார்களே, உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல என் அப்பாவின் கதைக்குப் போகவேண்டும்.

அப்பா சங்கரன்கோவில்காரர். ரயில்வேயில் மாற்றலாகி வந்து, பவானிபூரில் வீடு பிடித்த முதல் நாள் சாயங்காலம், வலது பக்கத்து வீட்டிலிருந்து சங்குச் சத்தம். எங்கள் ஊரில் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். இடது பக்கத்திலிருந்தும் சங்கு. எதிர் வீட்டிலிருந்தும் சங்கு. "என்ன ஊர்டா இது, ஒரே நாள்ல இத்தனையா," என்று சொல்லிவிட்டு, வலது பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். உள்ளேயிருந்து வந்த பெரியவர் புதுக் குடித்தனக்காரரை வரவேற்று உட்காரவைத்து சந்தேஷ் கொடுத்தார். துக்க வீட்டில் இனிப்பைத் தின்னலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம்.

விளக்கேற்றுகிற நேரத்துச் சங்கு அது என்று பிறகு எல்லோருக்கும் புரிந்தது. அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அடுத்த வீட்டில் ஊதினால் சரி, நம் வீட்டில் கூடாது. நான் 'நாற்காலி' கேசட்டைப் போட்டுப் பதினாலாவது நிமிடம் வந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏல, வீட்டுக்குள்ள சங்கு ஊதுத பாட்டப் போடாதல." நான் ஒலியைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்பேன்.

சந்தேகம் வராததற்குக் காரணம் எளிது. அந்தக் காலத்தில் மேற்கத்தியக் குழுக்கள் கிழக்கிலிருந்து எதையாவது எடுத்து வாசிக்காமல் தூங்கியதில்லை. சித்தார் வந்தது, தபலா வந்தது, சங்கு ஏன் வராது? கேசட்டின் உள்அட்டையில் வாசித்தவர்கள் பெயரையெல்லாம் என் கையாலேயே எழுதிவைத்தேன். கடைசி வரி: "சங்கு – தெரியவில்லை". கல்லூரிப் பத்திரிகையில் அதைப் பற்றி நாலு பக்கக் கட்டுரையும் எழுதினேன். ஒரு பேராசிரியர் அதைப் பாராட்டினார். அவரும் ஆல்பத்தைக் கேட்டிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

"கான் ஷேஷ் ஹோலோ?"

அந்தக் கேசட்டைப் பதிவு செய்து கொடுத்தவன் தீபு. கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரன், ஜாதவ்பூர்க்காரன். இரவல் வாங்கிய இசைத்தட்டை ஒரே நாளில் கேசட்டில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் மன்னன்.

சனிக்கிழமை தோறும் அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். இருட்டத் தொடங்கியதும் அவன் அம்மா கதவோரம் வந்து நிற்பார். மாஷிமா என்று கூப்பிடுவேன். நண்பனின் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடவேண்டும். தலையில் முந்தானை, கையில் ஏற்றாத விளக்கு. "கான் ஷேஷ் ஹோலோ?" என்பார். பாட்டு முடிந்ததா என்று அர்த்தம்.

"இல்லம்மா, இன்னும் இருக்கு," என்பான் தீபு. போய்விடுவார். ஐந்து நிமிடத்தில் திரும்ப வருவார். "கான் ஷேஷ் ஹோலோ?"

சரியாக ஒரு நல்ல இடம் வரும்போதுதான் அந்தக் கேள்வி வரும். முடிந்தது என்று நாங்கள் சொன்ன பிறகுதான் உள்ளே போய் விளக்கேற்றிச் சங்கு ஊதுவார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஊதி ஓய்ந்து வெகு நேரம் ஆகியிருக்கும். எங்கள் இசையைச் சகிக்கமுடியாமல் சாமியைச் சாக்கு வைத்து எங்களை விரட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கேள்வி எனக்கு அப்படி எரிச்சலூட்டும். ஒருநாள் தீபுவிடம் சொன்னேன், உங்கள் அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லேன் என்று. அவன் கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

பரணும் ஆட்டோவும்

கேசட்டுகள் பரணில் இரண்டு தகரப் பெட்டிகளில் இருந்தன. மழை முடிவதற்குள் அவை வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது கோமதியின் உத்தரவு. பூஞ்சை வாசம் பக்கத்தில் இருக்கிற பட்டுப் புடவைகளுக்கு ஏறுகிறதாம். ஏணியில் நான் நின்றேன், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"கெடைச்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"ஒரு வரி வருத்தம் தெரிவிச்சா முடிஞ்சுபோற விஷயத்துக்கு அறுபது வயசுல ஏணி ஏறணுமாங்க?"

இரண்டாவது பெட்டியின் அடியில் கிடைத்தது. ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. உள்அட்டையில் என் கையெழுத்து மங்கலாக இருந்தது. எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் பெல்ட் எப்போதோ உருகி ஒட்டிப்போய்விட்டது. வேலை செய்கிற பழைய ரெக்கார்டர் வைத்திருக்கிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து தீபுதான். லேக் கார்டன்ஸிலிருந்து ஜாதவ்பூர் எவ்வளவு தூரம்? ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து இடுப்பைச் சரிசெய்வதற்குள் வந்துவிடும். அவனைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே போய்விட்டது.

போன் செய்தேன். நாங்கள் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"அந்தக் கேசட்டா? விடுடா ஷங்கொர்," என்றான். சங்கரன் என்ற பெயர் இந்த ஊரில் ஷங்கொர் ஆகி எத்தனையோ வருடமாகிறது. "பூஞ்சை பிடிச்ச டேப்பைப் போட்டா ரெக்கார்டரோட ஹெட் கெட்டுப்போகும்."

"துடைச்சுட்டேன்."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ஆக்சிஜன் மிஷின் வெச்சிருக்கோம்."

"அப்ப அவங்களையும் பாத்த மாதிரி இருக்கும். நாலு மணிக்கு வரேன்."

அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் சங்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஃபேனை நிறுத்திய நாள்

அதே முன்னறை. ஜன்னலுக்கு மட்டும் புதிதாகக் கொசுவலை. தீபு கேசட்டை வாங்கி, விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்து, வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினான். கடைசியில் போட்டான்.

ஒலி கலங்கலாக, கொஞ்சம் ஆடி ஆடி வந்தது. ஆனால் அதுதான். இரைச்சலுக்கு அடியிலிருந்து டிரம்ஸ்காரரின் பழைய கோபம் எழுந்து வந்தது. பதினாலு நிமிடமும் நான் தீபுவைப் பார்க்கவில்லை. எல்லாம் அடங்கியது. ஆர்கனின் ஒரு கட்டை மட்டும் நீண்டது. அப்புறம், தூரத்திலிருந்து, சங்கு. ஒன்று. இரண்டு. மூன்றாவது தொடங்கி அறுந்தது.

நான் தொடையில் அடித்துக்கொண்டேன். "கேட்டியா? சேலத்துக்காரன் மூஞ்சியில கரியைப் பூசறேன் பாரு."

தீபு ரெக்கார்டரை நிறுத்தினான். "அது அம்மா," என்றான்.

எனக்குப் புரியவில்லை. திரும்பி உள்கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"டேப்ல இருக்கறது அம்மா. அன்னைக்கு ரெக்கார்டரை நேரா இணைக்கற ஒயர் கெட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கர் முன்னாடி ரெக்கார்டரை வெச்சு, மைக்லதான் எடுத்தேன். இரவல் இசைத்தட்டை ஆறரை மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும். வீட்டுல யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஃபேனைக்கூட நிறுத்தியாச்சு. அம்மா சமையல்கட்டுல குக்கரை எறக்கிவெச்சுட்டு, வாசல்ல வந்த மீன்காரியைக் கைகாட்டி அனுப்பிட்டு, பூஜையறைல உக்காந்திருந்தா. விளக்கு வெக்கற நேரம் தாண்டிடுச்சு. அப்பவும் பொறுத்தா. திடீர்னு எல்லாம் அடங்கவும் பாட்டு முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டா."

"மூணாவது?"

"நான் உள்ள ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுட்டேன்."

நான் மேற்கத்திய ராக்கின் துணிச்சல் என்று எழுதியது அதைத்தான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "நாப்பது வருஷம்டா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொல்லத்தான் இருந்தேன். கேசட்டைக் கொடுத்த மறுநாள் நீ வந்து என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சங்கு, அந்தச் சங்குன்னே. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அப்ப எப்படிச் சொல்றது?"

"அதுக்கு மறுநாள்?"

"அதுக்கு மறுநாள் நீ கட்டுரை எழுத ஆரம்பிச்சுட்டே."

"அச்சானதுக்கப்புறம்?"

"அச்சானதுக்கப்புறம் யாராவது சொல்வாங்களா?"

அறையில் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஆக்சிஜன் மிஷினின் ஒரே சீரான முனகல்.

"அம்மாவை அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன்," என்றான் தீபு, ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகியபடி. "எல்லாம் கெட்டுப்போச்சு, ஷங்கொர் மூஞ்சில எப்படி முழிப்பேன்னு. அடுத்த நாள்லேருந்துதான் அந்தக் கேள்வி. பாட்டு முடிஞ்சுதா, பாட்டு முடிஞ்சுதான்னு. மூச்சு முட்ட ஆரம்பிச்சு சங்கைக் கீழ வெக்கற வரைக்கும் கேட்டா. வீட்டுல பாட்டே ஓடலைன்னாலும் ஒருதடவை எட்டிப்பாத்துக் கேட்டுட்டுத்தான் ஊதுவா."

நான் கேசட்டின் உள்அட்டையைக் கையில் எடுத்தேன். பிறகு கேட்டேன். "எனக்கு அந்தச் சங்குதான் பிடிச்சிருந்ததுன்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"ஏண்டா?"

"அவகிட்டச் சொன்னா உன்கிட்டச் சொல்லிடுவா."

இவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

உள்அட்டையின் கடைசி வரி

கோபத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். குறைந்தபட்சம் அந்த உள்அட்டையையாவது திருத்தி எழுதிவிடலாம். "சங்கு – தெரியவில்லை" என்பதை அடித்தேன். அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டிரம்ஸ்காரரின் நடுப்பெயர்கூட எனக்குத் தெரியும். சங்கு ஊதியவர் கையால் எத்தனையோ சனிக்கிழமை லூச்சி என்கிற மைதா பூரி தின்றிருக்கிறேன், அவர் பெயர் தெரியாது. மாஷிமாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"அம்மா பேர் என்ன?"

"அணிமா."

எழுதினேன். எழுதி முடிக்கும்போது நாலு கால் வாக்கரின் சத்தம் கேட்டது. மாஷிமா மிஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். பாதியாகக் கரைந்துபோயிருந்தார். நான் எழுந்து காலைத் தொட்டேன். மோடா என்கிற பிரம்பு ஆசனத்தில் உட்காரவைத்தோம். மூச்சு சீராவதற்கு நேரம் பிடித்தது.

"அந்தப் பாட்டுதானே இது? நான் கெடுத்தது," என்றார்.

"நீங்க கெடுக்கல மாஷிமா."

"தீபு சொன்னானே. ஷங்கொருக்காக எடுத்தேன், எல்லாம் போச்சுன்னு சொன்னானே." ஒரு மூச்சு. "அப்புறம் வேற யார்கிட்டயாவது நல்லதா ஒண்ணு எடுத்துக்கிட்டியா?"

"இல்ல. இது ஒண்ணுதான் என்கிட்ட இருந்தது."

"ஐயோ, பாவம்," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார்.

நான் சொல்ல முயன்றேன். இந்த வாரப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதுகிறவனுக்கு, நாற்பது வருடம் வங்காளம் பேசியவனுக்கு, அந்த நேரத்தில் ஒரு மொழியும் உதவிக்கு வரவில்லை. அது நல்லா இருந்தது என்றேன். ரொம்ப நல்லா இருந்தது என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. மீனுவின் இயர்போனில் சங்கு இல்லாத பதினாலாவது நிமிடத்தைக் கேட்டுவிட்டு இட்லியை அப்படியே விட்டு எழுந்தேனே, அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

சேலத்து மருத்துவருக்கும் மற்றவர்களுக்கும் நான் தரவேண்டிய வருத்தத்தை இங்கேயே தந்துவிடுகிறேன். நீங்கள் கேட்ட ஆல்பத்தில் சங்கு இல்லை. அது நல்ல ஆல்பம்தான். நான் கேட்டது அது இல்லை.

நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, தீபு டேப்பைப் பின்னுக்கு ஓட்டினான். நிறுத்தினான். பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஓட்டினான். பிறகு எழுந்துபோய், சுவரிலிருந்த ஃபேன் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, பட்டனை அழுத்தினான்.

டிரம்ஸ் இடித்தது. மாஷிமா முகத்தைச் சுளித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் இல்லாத அறையில் மூவருக்கும் வேர்த்தது. கிதார் ஓய்ந்தது. டிரம்ஸ் ஓய்ந்தது. ஆர்கனின் அந்த ஒரு கட்டை மட்டும் நீண்டுகொண்டிருந்தது.

மாஷிமா என் பக்கம் திரும்பினார். மெதுவாக, பழைய குரலில் கேட்டார்.

"கான் ஷேஷ் ஹோலோ?"

"இல்ல மாஷிமா," என்றேன். "இப்பதான் நீங்க வரப்போறீங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் சங்கு ஒலித்தது.